இரு மரக்கால்கள்: வெறுப்புக் குற்றச் சட்டமும் இனம் பார்த்து மாறும் அளவும்

நெல் அளக்கும் மரக்கால் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நேர்மை தவறிய வணிகனோ இரண்டு வைத்திருப்பான். கொள்வதற்குப் பெரியது ஒன்று, கொடுப்பதற்குச் சிறியது ஒன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாட வந்த பட்டினப்பாலை, அவர்கள் வாங்கும்போது மிகுத்து வாங்காமையையும் விற்கும்போது குறைத்துக் கொடாமையையும் அவர்தம் சிறப்பாக எடுத்துரைக்கிறது. அதனைச் சிறப்பென்று தனித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, இரண்டு மரக்கால் வைத்திருந்தோரும் அக்காலத்தில் இருந்தனர் என்று நாம் ஊகிக்கலாம். இன்று நாம் ‘இரட்டை அளவுகோல்’ என்று வழங்கும் தொடர் புதியது, பொருளோ பழையது. ஒருபக்கம் சாய்வதை நம் முன்னோர் ‘ஓரம்’ என்றனர். ‘ஓரவஞ்சனை’ என்னும் சொல் இன்னும் நம் வீட்டுப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கித் துலாக்கோலை உவமையாக வைத்தார்.

இந்தப் பொருளை எடுத்துக்கொள்ள நம்மைத் தூண்டியது ஒரு மாணவரின் வினா. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மொழியும் மரியாதையும் பற்றி உரையாற்றி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, “ஐயா, எங்களைப் பார்த்து அவர்கள் சிரித்தால் அது விளையாட்டு; நாங்கள் பதிலுக்கு ஏசினால் அது குற்றம். சட்டம் யாருக்காக?” என்று கேட்டார். அரங்கில் சிலர் கைதட்டினர். ஆசிரியர்கள் சிலர் தலைகுனிந்தனர். அன்று நாம் கொடுத்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. இனம் பற்றிய வெறுப்புக் குற்றச் சட்டம் எதனை அளக்கிறது, எதனை அளக்க இயலாமல் விடுகிறது, இரட்டை அளவு உண்மையில் எங்கே குடியிருக்கிறது என்பவற்றை அதன் பிறகே நாம் பொறுமையாகத் தேடினோம். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘வெறுப்புக் குற்றம்’ என்றவுடன் வெறுப்பதே குற்றம் என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது பிழை. மனத்தில் வெறுப்பு வைத்திருப்பதை எந்தச் சட்டமும் தண்டிப்பதில்லை, தண்டிக்கவும் இயலாது. அடித்தல், தீவைத்தல், கொலை, மிரட்டல் போன்று முன்பே குற்றமாக உள்ள ஒரு செயல் முதலில் நிகழ வேண்டும். அச்செயலுக்கு ஆளானவரை அவருடைய இனம் முதலிய அடையாளம் கருதியே குற்றவாளி தேர்ந்தெடுத்தார், அல்லது செயலின்போது அவ்வடையாளத்தின்மீது பகைமை காட்டினார் என்பது அடுத்து மெய்ப்பிக்கப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தண்டனை கூடும். ‘வெறுப்புப் பேச்சு’ வேறு. அங்கே பேச்சே குற்றச்செயலாகக் கருதப்படுகிறது. எந்தப் பேச்சு, எந்த அளவில் குற்றமாகும் என்பதில் நாட்டுக்கு நாடு பெரும் வேறுபாடு உண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பல வாதங்கள் திசைமாறிப் போகின்றன.

பணப்பைக்காக ஒருவரை வழியில் மறித்து அடிப்பவனுக்கு அவர் யாராக இருந்தாலும் ஒன்றே; பணம் இருந்தால் போதும். தோலின் நிறத்துக்காக ஒருவரை மறித்து அடிப்பவனுக்கும் அவர் யாராக இருந்தாலும் ஒன்றே. நிறம் இருந்தால் போதும். அடிபட்டவரின் காயம் இரண்டிலும் ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது நிகழ்வு நடந்த மறுநாள், அதே நிறத்தார் எல்லாரும் அத்தெருவில் நடக்க அஞ்சுவர். பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகலாம். தோலை வைத்துவிட்டுப் போக முடியாது. தண்டனையைக் கூட்டுவதற்குச் சட்டம் சொல்லும் முதன்மையான நியாயம் இதுவே.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜாஸ்பர் என்னும் சிற்றூர் உள்ளது. 1998ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், ஜேம்ஸ் பேர்ட் என்னும் 49 வயதுக் கறுப்பினத்தவரை வெள்ளையர் மூவர் தம் வண்டியில் ஏற்றிச் சென்று அடித்து, கணுக்காலில் சங்கிலி பிணைத்து, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு சாலையில் இழுத்துக் கொன்றனர். மூவரும் பிடிபட்டனர். இருவருக்கு மரண தண்டனை, ஒருவருக்கு ஆயுள் தண்டனை. அத்தண்டனைகள் கொலைச் சட்டத்தின்கீழேயே விதிக்கப்பட்டன. வெறுப்புக் குற்றச் சட்டம் தேவைப்படவில்லை. அப்படியானால் அச்சட்டம் எதற்கு என்று அன்றே பலர் கேட்டனர். வலுவான வினாதான். மரணத்துக்கு மேல் ஒரு தண்டனையைச் சட்டத்தால் கூட்ட முடியாதே!

விடை வேறிடத்தில் இருந்தது. எல்லா வழக்கும் ஜாஸ்பர் வழக்கு அன்று. கண்ணாடி உடைப்பு, கதவில் கிறுக்கல், எச்சில் துப்புதல், பேருந்தில் ஓர் உதை என்று அன்றாடம் நிகழ்பவை வழக்கமான சட்டத்தில் சிறு குற்றங்களாக எழுதப்பட்டு மறக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஆளானவரிடம் அவை சிறியனவாக இருப்பதில்லை. ‘இது ஏன் நடந்தது’ என்னும் வினாவைக் காவலரையும் நீதிமன்றத்தையும் கேட்க வைப்பதே அச்சட்டங்களின் பெரும்பயன். டெக்சஸ் 2001இல் ஜேம்ஸ் பேர்ட் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றியது. 2009 அக்டோபர் 28 அன்று, மேத்யூ ஷெப்பர்ட் பெயரும் அவர் பெயரும் இணைந்த நாடு தழுவிய சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார்.

சட்டம் இரு மரக்கால் வைத்திருக்கிறது என்னும் குற்றச்சாட்டை அமெரிக்காவின் இரு வழக்குகளைக் கொண்டு ஆராய்வது நல்லது. ஆசிரியர்கள் இவ்விரண்டையும் வகுப்பில் அருகருகே வைத்துப் பேசலாம். முதலில் கேட்போர் எவரும் கொதித்தெழுவர். பொறுத்துக் கேட்டால் கொதிப்பு வேறு வடிவம் எடுக்கும்.

1990 ஜூன் மாதம், மினசோட்டா மாநிலத்தின் செயிண்ட் பால் நகரில், பதின்ம வயதினர் சிலர் உடைந்த நாற்காலிக் கால்களை ஒட்டி ஒரு சிலுவை செய்து, கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வேலியிட்ட முற்றத்துக்குள் நள்ளிரவுக்குப் பின் கொளுத்தினர். எரியும் சிலுவை அந்நாட்டுக் கறுப்பினத்தவர்க்கு என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை; கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரின் கொலைகளோடு பிணைந்த அடையாளம் அது. இனம், நிறம், சமயம் முதலியவற்றின் அடிப்படையில் பிறருக்குச் சினமோ அச்சமோ ஊட்டும் அடையாளங்களை வைப்பது குற்றம் என்ற நகரச் சட்டத்தின்கீழ் ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1992இல் உச்ச நீதிமன்றம் அந்த நகரச் சட்டமே செல்லாது என்றது. நீதிபதிகள் ஒன்பதின்மரும் அம்முடிவில் ஒன்றுபட்டனர்.

அடுத்தது கெனோஷா. விஸ்கான்சின் மாநிலத்து நகரம் அது. 1989 அக்டோபர் 7 அன்று கறுப்பின இளைஞரும் சிறுவரும் கூடி ‘மிசிசிப்பி பர்னிங்’ திரைப்படத்தின் ஒரு காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். தொழுதுகொண்டிருந்த கறுப்பினச் சிறுவனை வெள்ளையன் ஒருவன் அடிக்கும் காட்சி. அவர்களுள் 19 வயது டாட் மிட்சல், வெள்ளையர்மேல் பாய மனம் இருக்கிறதா என்று மற்றவரைக் கேட்டார். எதிர்ப்பக்கம் 14 வயது வெள்ளைச் சிறுவன் ஒருவன் வந்தான். மிட்சல் அவனைச் சுட்டிக் காட்ட, கூட்டம் ஓடிச் சென்று அடித்தது. சிறுவன் நான்கு நாள் நினைவிழந்து கிடந்தான். அத்தாக்குதலுக்கு வழக்கமான உச்சத் தண்டனை 2 ஆண்டுச் சிறை. இனம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தனர் என்று ஜூரி கண்டதால் உச்சவரம்பு 7 ஆண்டாக உயர்ந்தது. மிட்சலுக்கு 4 ஆண்டு விதிக்கப்பட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் தண்டனை கருத்துரிமைக்கு மாறானது என்று தள்ளியது. 1993 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, கூடுதல் தண்டனை செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துச் சொன்னால் என்ன தோன்றும்? கறுப்பினக் குடும்பத்தின் முற்றத்தில் சிலுவை கொளுத்தியவன்மீது ஏவிய சட்டம் செல்லாது; வெள்ளைச் சிறுவனை அடிக்கத் தூண்டிய கறுப்பின இளைஞனுக்குத் தண்டனை இருமடங்கு. பெரிய மரக்காலும் சிறிய மரக்காலும் கண்முன்னே இருப்பதாகவே தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆயினும் நீதிமன்றம் இழுத்த கோடு நிறத்தின்மேல் விழுந்தது அன்று. செயிண்ட் பால் நகரச் சட்டம் ஓர் அடையாளம் சொல்லும் கருத்தைப் பார்த்து, சில பொருள்கள் பற்றிய வசையை மட்டும் தடுத்தது. கருத்துப் போரில் ஒரு தரப்பின் கைகளை மட்டும் அரசு கட்டக் கூடாது என்பது அந்நாட்டு நீதிமன்றத்தின் நிலை. விஸ்கான்சின் சட்டமோ தாக்குதல் என்னும் செயலைப் பிடித்தது. தாக்கியவர் யாரை, ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதைத் தண்டனை அளக்கும்போது கணக்கில் கொண்டது. கருத்துக்கும் செயலுக்கும் இடையே விழுந்த கோடு அது. முற்றத்தில் புகுந்து தீவைப்பது வேறு பல சட்டங்களின்கீழ் முன்பே குற்றமாக இருந்ததை நீதிமன்றமும் மறக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 2003இல், அச்சுறுத்தும் நோக்கத்தோடு சிலுவை கொளுத்துவதை மாநிலங்கள் தடை செய்யலாம் என்றும் அதே நீதிமன்றம் கூறியது.

ஆகவே சட்டத்தின் சொற்களில் இரு மரக்கால் இல்லை. வெள்ளையர் கறுப்பினத்தவரை அடித்தாலும் கறுப்பினத்தவர் வெள்ளையரை அடித்தாலும் எழுத்து ஒன்றே. சிறுபான்மையினரைக் காக்க எழுந்த சட்டம் சிறுபான்மையினர்மீதே பாய்கிறதே என்று மனம் வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் வேறு வழி இல்லை என்றும் கருதுகிறோம். வழியோடு போன 14 வயதுச் சிறுவன் மிசிசிப்பியின் வரலாற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். அவனைத் தாக்கியதை வரலாற்றின் பெயரால் எடை குறைத்தால், நாம் கண்டித்த அதே மரக்காலை நம் கையில் எடுத்தவர்களாவோம்.

அப்படியானால் இரட்டை அளவு என்பது வெறும் மனக்குறையா? இல்லை. அது சட்டத்தின் எழுத்துக்கு முன்னால், பார்வையில் இருக்கிறது. இதனை இங்கிலாந்து வழக்கொன்று காட்டுகிறது.

1993 ஏப்ரல் 22 இரவு, இலண்டனின் எல்த்தம் பகுதியில் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் 18 வயதுக் கறுப்பின மாணவர் நண்பர் டுவேய்ன் புரூக்சுடன் பேருந்துக்குக் காத்திருந்தார். வெள்ளை இளைஞர் கூட்டம் ஒன்று இனவசை கூறி ஓடிவந்து அவரைக் குத்திக் கொன்றது. வந்த காவலர்கள் உயிர்தப்பிய நண்பரைத் துயருற்ற சாட்சியாக நடத்தவில்லை, சந்தேகத்தோடு பார்த்தனர். தொடக்க விசாரணையிலேயே பிழைமேல் பிழை. பெற்றோர் விடாமல் போராடினர். 1997இல் அமைக்கப்பட்ட மெக்பர்சன் விசாரணைக் குழு 1999 பிப்ரவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. காவல்துறையின் குறை தனி ஆள்களின் தீயெண்ணத்தோடு நிற்கவில்லை, நிறுவனத்தின் பழக்கத்திலேயே இனப்பாகுபாடு ஊறியுள்ளது என்றது அது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறி நிகழ்வு என்று கருதினால், அதனை இனவெறி நிகழ்வாகவே பதிந்து விசாரிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கொலையாளிகளுள் இருவர் 2012 ஜனவரியில்தான் தண்டிக்கப்பட்டனர். ஏறத்தாழ 19 ஆண்டு! அவர்களுள் ஒருவர் முன்பு விடுவிக்கப்பட்டவர். விடுவிக்கப்பட்டவரை மீண்டும் விசாரிக்கக் கூடாது என்னும் பழைய விதியை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியதால்தான் அவரை மறுபடி நிறுத்த முடிந்தது.

கொலை எல்லாருக்கும் கொலைதான் என்று சட்டம் அன்றும் சொன்னது. அச்சட்டம் காவலரின் கண் வழியாக வந்தபோது குறைந்து அளந்தது. அமெரிக்காவிலும் இதே கதை வேறு வடிவில் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெறுப்புக் குற்றங்களின் கணக்கை நடுவண் அரசு திரட்டுகிறது. ஊர்க் காவல்துறைகள் கணக்குத் தருவதோ அவற்றின் விருப்பம். எண்ணாத ஊரில் குற்றம் இல்லை என்றுதான் ஏட்டில் வரும். தந்த கணக்கில், இனம் காரணமாகத் தாக்கப்பட்டோருள் கறுப்பினத்தவரே ஆண்டுதோறும் மிகுதி.

இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இனப்பகைமையால் கூடுதல் தண்டனை பெறும் குற்றங்களை வகுத்தது. அதன்கீழ் எழுந்த இரு சிறு வழக்குகள், மொழி கற்பிப்போர்க்குச் சுவையானவை. ஒன்றில், ஸ்பானியப் பெண்கள் மூவரைப் பார்த்து ஒருவர் ‘அந்நியர்’ என்று பழித்து, உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றார். ‘அந்நியர்’ என்பது ஓர் இனத்தின் பெயரா? ஆம், இச்சட்டத்துக்கு அதுவும் இனப்பகைமையே என்று 2007இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. மற்றொன்றில், மேற்கிந்தியத் தீவினர் ஒருவர் பேருந்து நடத்துநரான பெண்ணை ‘ஆப்பிரிக்க’ என்னும் அடையோடு இழிசொல் கூறி ஏசினார். தாமும் அதே கறுப்பினத்தவர்தாமே என்பது அவர் தரப்பு. ஒரே இனத்தவராயினும் பகைமை பகைமையே என்றது நீதிமன்றம். இந்த இரண்டாவது வழக்கை மனத்தில் வைத்திருங்கள். பின்னர் நம் வீட்டு வாசலில் அது மீண்டும் வரும்.

இனி நம் நாடு. சிங்கப்பூரின் இனச் சட்டங்கள் நூலறிவில் பிறந்தவை அல்ல. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் மேலும் 13 உயிர்கள் போயின. ஆண்டுதோறும் ஜூலை 21இல் பள்ளிகளில் கொண்டாடும் இன நல்லிணக்க நாளின் பின்னணி இதுவே. பாரம்பரிய உடை அணிந்து படம் எடுத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இந்த எண்கள் தெரியும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

2007ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைச் சட்டத்தில் இரு முக்கியமான பிரிவுகளைச் சேர்த்தது. 74ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட குற்றங்கள் இனம் அல்லது சமயம் பற்றிய பகைமையோடு நிகழ்ந்தால் நீதிமன்றம் தண்டனையை ஒன்றரை மடங்காக்கலாம். குற்றத்தின்போதோ அதற்குச் சற்று முன்பின்னோ பகைமை வெளிப்பட்டாலும் போதும்; பகைமையே தூண்டுதலாக இருந்தாலும் போதும். ஆங்கிலச் சட்டத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. 298-ஏ பிரிவு, இனங்களிடையே பகையும் வெறுப்பும் வளர்ப்பதைக் குற்றமாக்கியது. இவ்விடத்தில் நம் நாடு அமெரிக்க வழியை விட்டு விலகுகிறது. இங்கே சொல்லும் தண்டனைக்குரியதாகலாம். 2021 மே மாதம் சுவா சூ காங்கில் நடைப்பயிற்சி சென்றுகொண்டிருந்த இந்திய மாது ஒருவர் இனவசைக்கும் உதைக்கும் ஆளானபோது, நாடே அதிர்ந்தது. 2025 பிப்ரவரி 4 அன்று நாடாளுமன்றம் இன நல்லிணக்கத்தைக் கட்டிக்காக்கும் தனிச்சட்டத்தை நிறைவேற்றியது. அது இனம் பற்றிய குற்றங்களை ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவருவதோடு, குற்றம் இழைத்தவர் மற்றச் சமூகத்தைப் புரிந்துகொண்டு உறவைச் செப்பனிடும் வழியையும் திறக்கிறது. தண்டனைக்கு மாற்றாக அறிமுகம். இந்த ஏற்பாட்டை நாம் பெரிதும் வரவேற்கிறோம்.

மாணவரின் வினா இங்கேதான் கூர்மையாகிறது. 2019 ஜூலையில் மின்னியல் கட்டணச் சேவை ஒன்றின் விளம்பரம் வந்தது. சீன நடிகர் ஒருவரே நான்கு வேடங்களில் தோன்றினார். தூடோங் அணிந்த மலாய் மாதாகவும், தோலைக் கருமையாக்கிக்கொண்ட இந்திய ஆடவராகவும். இந்தியக் கலைஞர்களான உடன்பிறந்தார் இருவர் அதற்கு விடையாகச் சீனரை ஏசும் சொற்களோடு ஒரு ராப் காணொளி வெளியிட்டனர். விளம்பரம் குற்றமாகாது என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். ரசனைக் குறைவானது என்றாலும் விதிமீறல் அன்று என்றது ஊடக ஆணையம். காணொளி நீக்கப்பட்டது, அதனை உருவாக்கிய இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது. விளம்பரத்தை உருவாக்கியோரும் மன்னிப்புக் கேட்டனர். காணொளியை உருவாக்கியோரும் கேட்டனர்.

இது இரட்டை அளவா? சட்டத்தின் கண்ணில் இல்லை என்றே சொல்வோம். ஓர் இனத்தை நேரே குறித்து இழிசொல் வீசுவதும், ஒருவர் பல வேடம் பூணுவதும் ஒரே செயல் அல்ல. முதலாவதில் பகைமை வெளிப்படை. இரண்டாவதில் சிந்தனைக் குறைவு. நாளை ஒரு சீனக் கலைஞர் நம்மை அவ்வாறே ஏசினால் நாம் என்ன கேட்போம் என்பதை நெஞ்சில் கைவைத்து எண்ணினால், காணொளியைச் சரியென்று சொல்ல இயலாது.

ஆனாலும் அம்மாணவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. சட்டத்தால் சினத்தைப் பிடிக்க முடிகிறது. சிரிப்பைப் பிடிக்க முடிவதில்லை. பெரும்பான்மையினர்க்குச் சினம் கொள்ள வேண்டிய தேவை குறைவு; அவர்களிடமிருந்து வரும் காயம் பெரும்பாலும் சிரிப்பாகவே வரும். தலை அசைவைப் போலச் செய்து காட்டுதல், எண்ணெய் மணம் என்று மூக்கைப் பிடித்தல், இருட்டில் தெரியவில்லை என்னும் கேலி ஆகியவை ஒவ்வொன்றும் ஓர் இறகின் எடை. பத்தாண்டு சேர்ந்தால் மூட்டை. மூட்டை தாளாமல் ஒரு நாள் சிறுபான்மைப் பிள்ளை கத்தும்போது, அந்தக் கத்தல் மட்டும் பதிவாகிறது. இறகுகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. இது சட்டத்தின் ஓரவஞ்சனை அன்று. சட்டம் நுழையாத இடத்தில் வாழும் ஓரவஞ்சனை. வகுப்பறை அத்தகைய இடம். ‘விளையாட்டுக்குத்தானே சொன்னான், விடு’ என்று ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஓர் இறகு கணக்கில் வராமல் போகிறது.

சொல் ஒன்று எப்போது வசையாகிறது என்பதும் எளிதன்று. ‘கெலிங்’ என்னும் மலாய்ச் சொல்லை எடுத்துக்கொள்வோம். கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், பழைய மலாய் இலக்கியத்தில் தென்னிந்தியரையும் அவர்தம் நாட்டையும் இயல்பாகக் குறித்தது. மலாக்காவின் கம்போங் கெலிங் பள்ளிவாசலும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அப்பெயரைப் பெருமையோடு தாங்கி நிற்கின்றன. அதே சொல்லை இன்று ஒருவர் நம் முகத்துக்கு நேரே எறிந்தால் குருதி கொதிக்கிறது. எழுத்து மாறவில்லை, சொல்வோரின் குரலும் இடமும் மாறின. ஆகவேதான் நீதிமன்றங்கள் சொல்லை மட்டும் பாராமல் சூழலையும் பார்க்கின்றன.

பிறர் நமக்கு இட்ட சொல்லைப் பற்றிப் பேசிய நாம், நாம் பிறர்க்கு இடும் சொல்லையும் பேசியாக வேண்டும். தமிழின் அழகுகளுள் ஒன்று, மரியாதையை வினைமுற்றிலேயே வைத்திருப்பது. வந்தான், வந்தார் என்னும் இரண்டுக்கும் இடையே ஓர் உலகம் இருக்கிறது. அந்த அழகே நம்மைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. நாம் நம்மைத் ‘தமிழர்’ என்கிறோம். அடுத்த வீட்டாரைப் பற்றி நம் வீட்டுக் கூடத்தில் பேசும்போது எத்தனை பேர் ‘சீனர்’ என்கிறோம், எத்தனை பேர் ‘சீனன்’ என்கிறோம்? நம் புளோக்கின் தாழ்வாரத்தைக் கூட்டும் பங்களாதேஷ் ஊழியர் நம் தந்தை வயதினராக இருந்தாலும், ‘பங்களா வந்தானா?’ என்றே கேட்கிறோம். தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த நம் மொழிக்காரரையே ‘ஊர்க்காரன்’ என்று ஒதுக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மேற்கிந்தியத் தீவினரும் ஆப்பிரிக்கப் பெண்ணும் இருந்த அந்தப் பேருந்து, இலண்டனில் மட்டும் ஓடவில்லை. வாடகை விளம்பரத்தில் ‘இந்தியர் வேண்டா’ என்று கண்டு புண்படும் நாம், நம் அறையை வாடகைக்கு விடும்போது என்னென்ன கேட்கிறோம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

இவை எவையும் குற்றங்கள் அல்ல. 74ஆம் பிரிவு ‘அன்’ விகுதியைத் தேடி வராது, வரவும் கூடாது. ஆனால் இனம் பார்த்து அளவு மாறும் இடத்தை யாரேனும் காட்டச் சொன்னால், நாம் நீதிமன்றத்தைக் காட்டுவதற்கு முன் இந்த விகுதியைக் காட்டுவோம். அங்கே சிறுபான்மை, பெரும்பான்மை என்னும் வேறுபாடும் இல்லை. எல்லாக் கையிலும் மரக்கால் இருக்கிறது.

அந்த மாணவரை நாம் மறுபடி சந்திக்கவில்லை. ஆனால் அவர் வினாவையும் அதன்பின் நாம் எழுதிய இக்குறிப்புகளையும் வேறொரு பள்ளியின் தமிழாசிரியை ஒருவரிடம் பகிர்ந்துகொண்டோம். அவர் தம் உயர்நிலை இரண்டாம் வகுப்பினர்க்கு ஒரு வாரப் பணி கொடுத்தார். ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும். தாமும் தம் வீட்டாரும் பிறரைப் பற்றிப் பேசும் வினைமுற்றுகளை, யாரைப் பற்றியது என்னும் குறிப்போடு அப்படியே எழுதிவர வேண்டும். திருத்தக் கூடாது, யாரையும் கண்டிக்கவும் கூடாது. இன்னொரு பக்கத்தில், அந்த வாரம் தம்மைப் பார்த்துப் பிறர் சிரித்த நேரங்களையும் குறிக்க வேண்டும்.

வார இறுதியில் வந்த ஏடுகளுள் ஒன்றை அவர் நமக்குக் காட்டினார். இடப்பக்கத்தில் ஆறு வரி: எம்ஆர்டியில் ஒருவர் தள்ளி அமர்ந்தது, உணவகத்தில் ஒருவர் தலையசைத்துக் காட்டியது என்று நாளும் நேரமும் போட்டு எழுதப்பட்டிருந்தது. வலப்பக்கத்தில் பத்தொன்பது வரி. முதல் மூன்று இப்படி இருந்தன: ‘மருத்துவர் சொன்னார். தலைமையாசிரியர் பேசினார். கூட்டுகிறவன் போய்விட்டான்.’ மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, பிறகு ‘திருத்தக் கூடாது’ என்பது நினைவுக்கு வந்தது போல, அதன் மேலேயே அதே சொல்லை மறுபடியும் எழுதியிருந்தாள் அந்தப் பெண்.